மொட்டப்பாறை ஹால்ட்டில் மல்லாந்து கிடந்த மத்தியானம்

மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்குக் கீழே மொட்டப்பாறை ஹால்ட்டின் பழைய பிளாட்பாரம், வெயிலில் சூடேறிய கருங்கல். தலைக்கு மேலே வேப்பமரம். வலப்பக்கம் நடராஜண்ணன். இடப்பக்கம் சிங்காநல்லூர் ஏரிக்கரை நடைக்கோஷ்டி முழுவதும், சந்தையில் இறக்கி வைத்த மூட்டைகளைப் போல வரிசையாகக் கிடந்தது.

யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. யாரோ ஏப்பம் விட்டார். யாரோ “முருகா” என்றார். அந்த நேரத்தில் வெளியாள் எவராவது பார்த்திருந்தால் நேராக ஆம்புலன்ஸுக்குத்தான் போன் போட்டிருப்பார்.

எங்களுக்கு ஒரு கேடும் இல்லை. சாப்பிட்டிருந்தோம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் எழுந்து போயிருந்தால், என் சிநேகிதி ஸ்டெல்லா அதற்குப் பிறகு என்னோடு பழைய மாதிரிப் பேசியிருக்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தொடரில் போன வாரம் வரை, கணபதி ஏரியாவில் இருந்த என் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டிய கதையாகவே எழுதிக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் வெளிய வாங்கக்கா, மூச்சு முட்டுது” என்று ஒரு வாசகி போனில் சொல்லிவிட்டாள். சரி, வந்துவிட்டேன். இது முழுக்க வெட்டவெளியில் நடந்த கதை.

மேடு ஆகாதவர்கள்

பட்டறையை மகன் கையில் ஒப்படைத்ததும் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். சிங்காநல்லூர் வீட்டிலிருந்து ஏரிக்கரை பக்கம்தான். அங்கே ஏற்கனவே ஒரு கோஷ்டி நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் நடராஜண்ணன். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். நாங்கள் இரண்டு பேர் நின்று பேசினால் ஊதிவிடுவார்.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்ததும் நேராக ஏரிக்கு வந்து, நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். பிரஷர் மாத்திரையை நான் இஷ்டத்துக்கு நிறுத்தியது தெரிந்து, கரை முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டினாள். அன்றைக்குப் பிடித்துப்போனது எனக்கு அவளை. என்னைத் திட்ட ஆள் இல்லாமல் நான் ரொம்ப நாளாகக் கெட்டுப்போயிருந்தேன்.

ஏரியையே சுற்றிச் சுற்றி எங்களுக்குச் சலித்துவிட்டது. அப்போதுதான் நடராஜண்ணன் அந்த யோசனையோடு வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் போன பழைய மீட்டர்கேஜ் லைனில் ஒரு நீளமான துண்டு சும்மா கிடக்கிறது. அகலப்பாதை வந்தபோது புது லைன் வேறு வழியாகப் போய்விட்டது. தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் போன மண்மேடும் பாலமும் பாறையை வெட்டிய வழியும் அப்படியே இருக்கின்றன. அதைச் சீர்படுத்தினால் ஆனைமலை அடிவாரம் வரை நடந்தே போகலாம், சைக்கிளிலும் போகலாம். அங்கிருந்து வால்பாறைக்கு பஸ் ஏறிக்கொள்ளலாம்.

“அத்தன தூரமா? என்ற முட்டிக்கு ஆகாதுங்கண்ணா” என்றேன்.

“ரயிலுக்கும் மேடு ஆகாது சரசு. அதுக்காகவே பாத்துப் பாத்துச் சமமாப் போட்டிருக்கறாங்க. உன்ற முட்டிக்கு இதவிட நல்ல பாதை இந்த ஜில்லாவுலயே கெடையாது.”

அது நிஜம். முதல் தடவை நடந்து பார்த்தபோது, ஏறுகிறோம் என்பதே தெரியாமல் ஏறியிருந்தோம். திரும்பிப் பார்த்தால் தென்னை மரங்களின் தலைகள் எங்களுக்குக் கீழே இருந்தன. பாறையை வெட்டிப் பாதை போன இடத்தில் மத்தியான வெயிலிலும் பானைக்குள் இருப்பது போலக் குளிர்ச்சி. சின்னப் பாலங்களுக்கு அடியில் புறாக்கள். மயில்களுக்கோ அது சொந்த ரோடு. நாங்கள் எதிரே வந்தால் நகராமல் நின்று முறைத்தன.

மாவட்ட ஆபீசில் ஆர்வம் காட்டினார்கள். ‘ஒரு தடவை நீங்களே முழுசும் நடந்து, எங்கே தண்ணீர், எங்கே சாப்பாடு, எங்கே ராத்தங்கல் என்று வரைபடம் போட்டுக் கொடுங்கள், அதன்படி வேலையை ஆரம்பிக்கலாம்’ என்றார்கள். நாங்களும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வேலிக்காத்தான் முள்ளை வெட்டினோம். முள்ளை நாங்கள் வெட்டினோமா, முள் எங்களை வெட்டியதா என்பது வேறு விஷயம்.

எங்க வாசல்ல நின்ன ரயிலு

வரைபடத்தில்தான் வம்பு வந்தது.

முதல் நாள் ராத்தங்கலுக்கு நடராஜண்ணன் தன் சம்பந்தியின் தென்னந்தோப்பு பங்களாவைக் குறித்திருந்தார். அதற்கு முன்னால் வருவது மொட்டப்பாறை ஹால்ட், ஒரு காலத்தில் பாசஞ்சர் ரயில் மட்டும் நின்ற குட்டி ஸ்டேஷன். கூரை போன ஒரு சின்னக் கட்டடம், நீளமாக ஒரு பிளாட்பாரம், ஒரு வேப்பமரம். அதற்கு எதிரேயே ஸ்டெல்லா பிறந்த தெரு. சுற்றிலும் இருக்கும் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களின் தெரு. ஓரத்தில் ஒரு குட்டி சர்ச். இப்போது அந்தத் தெருவில் டீச்சர் இருக்கிறார், லாரி ஓனர் இருக்கிறார். ஸ்டெல்லாவின் தம்பி ஆரோக்கியம் கல்யாணங்களுக்குச் சமைக்கும் கேட்டரிங் மாஸ்டர்.

“நம்ம ஹால்ட்டுலயே ஒரு ஸ்டாப் போடுங்கண்ணா” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“அங்க என்ன அம்மணி வசதி இருக்குது?” என்றார் நடராஜண்ணன்.

ஸ்டெல்லா ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துவிட்டாள். அன்றைக்கு ஏரிக்கரையில் என்னோடு தனியாக நடக்கும்போதுதான் கொட்டினாள்.

“பஸ்ஸு எங்க ஊருக்குள்ள வராதுங்கக்கா. மெயின் ரோட்டோட போயிரும். ரயிலு ஒன்னுதான் எங்க வாசல்ல நின்னுச்சு. அதையும் எடுத்துட்டாங்க. இப்ப நடக்கறவங்களாச்சும் நிக்கட்டுமேங்க. நின்னு, எங்க கையால ஒரு வாய் சோறு திங்கட்டும்.”

“திங்காம என்ன ஸ்டெல்லா?”

அவள் சிரித்தாள். “உங்களுக்குத் தெரியாதுங்கக்கா. கிறிஸ்மஸுக்கு எங்கப்பா தோட்டத்துக்காரங்க எல்லாரையும் கூப்புடுவாரு. வருவாங்க, நெம்ப மரியாதையாத்தான் வருவாங்க. எல எடுத்துப் போட்டா, ‘வயிறு நெம்பியிருக்குது கண்ணு, இப்பத்தான் ஊட்டுல உண்டுபோட்டு வந்தோம்’னு சொல்லுவாங்க. எங்க ஊட்டுக்கு வர்றப்ப மட்டும் அவங்க வயிறு எப்பவும் நெம்பியே இருக்கும். பச்சத்தண்ணி கூட எறங்காது.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் தோட்டத்துக்காரக் குடும்பத்தில் பிறந்தவள்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நடராஜண்ணனிடம் நானே போய்ச் சண்டை பிடித்தேன். கடைசியில், ‘சோதனை நடையன்று மத்தியானச் சாப்பாடு மொட்டப்பாறையில், அது சரியாக அமைந்தால் ஹால்ட் வரைபடத்தில் ஏறும்’ என்று முடிவானது. ஆரோக்கியம் ஒரு கல்யாண ஆர்டரையே வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டுச் சமைக்க ஒத்துக்கொண்டான். முதல் நாள் ஸ்டெல்லா எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டாள்: “தயவுசெய்து யாரும் வழியில் எதுவும் சாப்பிட்டுவிடாதீர்கள்.”

எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினோம். மகா யோக்கியர்கள்.

கை நனைக்காமல் போகக்கூடாது

தப்பு நடராஜண்ணனுடையது. அவரைக் கேட்டால் இல்லை என்பார். இது என் தொடர், நான் சொல்கிறேன்.

பாதையின் இரண்டு பக்கமும் தோட்டங்கள். தண்டவாளம் போனதும் அந்த மேட்டில்தான் அவர்கள் தேங்காய்ப் பருப்புக் காயப்போடுகிறார்கள், சோளத்தட்டுப் போர் போடுகிறார்கள். புதிதாக ஆட்கள் நடமாடினால் தேங்காய் காணாமல் போகும், மோட்டார் ஒயர் காணாமல் போகும் என்று அவர்களுக்குப் பயம். முறைத்துக்கொண்டால் மறுநாளே குறுக்கே முள்ளைப் போட்டுவிடுவார்கள். அதனால் நடராஜண்ணன் மரியாதைக்கு ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் செய்து, “நாளைக்கு உங்க தோட்டத்து வழியாத்தான் நடந்து போறோம்ங்க” என்று சொல்லிவிட்டார்.

இந்த ஊரில் பிறந்து, பேங்கில் அத்தனை வருஷம் குப்பை கொட்டிய மனுஷன்! நம் பக்கத்தில் ஒருவரிடம் ‘உங்கள் வீட்டு வழியாகப் போகிறேன்’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? அடுப்பைப் பற்ற வையுங்கள் என்று அர்த்தம்.

முதல் தோட்டத்தில் பாதையோரமே மேஜை போட்டு வைத்திருந்தார்கள். ஆவி பறக்கும் சந்தகை, அதாவது எங்கள் பக்கத்து இடியாப்பம், கூடவே தேங்காய்ப்பால். “ஐயோ, வேண்டாங்க” என்றோம். அந்த அம்மா முகம் சுருங்கிவிட்டது. “அதென்னங்க, ஒறம்பற, விருந்தாளின்னு வந்துபோட்டுக் கை நனைக்காமப் போறது? நாங்க என்ன பண்ணிப்போட்டோம்?” என்றார். கை நனைத்தோம்.

இரண்டாவது தோட்டத்துக்குச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. “அங்க சந்தகையாமா?” என்று கேட்டுவிட்டு ஒப்புட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய ஒப்புட்டு, மேலே நெய். நெய் என்றால் ஸ்பூனில் விடும் நெய் இல்லை, கரண்டியில் ஊற்றும் நெய். போதும் என்று இரண்டு கையாலும் இலையை மூடினேன். கைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் இன்னொரு ஒப்புட்டு வந்து விழுந்தது.

அப்போது ஸ்டெல்லா போன் செய்தாள். “எங்கக்கா வந்துட்டிருக்கறீங்க?”

“ஒப்… வந்துட்டே இருக்கறோம் ஸ்டெல்லா.”

“ஒன்னும் சாப்புடலையில்லீங்க?”

லைன் கட்டாகிவிட்டது. நான்தான் கட் செய்தேன்.

மூன்றாவது, பழனிச்சாமியண்ணன் தோட்டம். பாதைக்கு அக்கட்ட அவருடைய தென்னை, இக்கட்டச் சற்றுத் தூரத்தில் மொட்டப்பாறை. ஸ்டெல்லாவின் அப்பா சவரிமுத்து ஒரு காலத்தில் தண்ணி கட்டியது இந்தத் தோட்டத்துக்குத்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகம் கொள்ளாத சிரிப்பு. “சாப்பாடெல்லாம் ஒன்னும் இல்லீங்க, சும்மா சித்தெ உக்காந்துட்டுப் போங்க” என்றார். உட்கார்ந்ததும் அரிசிம்பருப்புச் சாதம் வந்தது. கத்திரிக்காய்ப் பொரியல் வந்தது. பாயசம் வந்தது.

நான் நடராஜண்ணன் காதில் சீறினேன். “அண்ணா, ஸ்டெல்லா அங்க சமைச்சு வெச்சுட்டுக் காத்துட்டிருக்கறாள்.”

“தெரியும் சரசு. இவுரு மனசு கோணிட்டா பாதையே இல்ல. அப்புறம் ஹால்ட்ட எங்க கொண்டுபோய் வெக்கறது? பேசாம உண்ணு.”

கண்ணை மூடிக்கொண்டு பாயசத்தை விழுங்கினேன். என்ன கெரகமோ, அதுவும் நன்றாகவே இருந்தது.

வரிசையாக இலை

மொட்டப்பாறை கண்ணில் பட்டபோது என் நடை தானாகவே மெதுவானது. சாப்பாட்டால் மட்டும் இல்லை.

பிளாட்பாரத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் சர்ச் பெஞ்சுகள், அவற்றுக்கு முன்னால் மேஜைகள், வரிசையாகத் தலைவாழை இலைகள். கூரையில்லாத கட்டடத்துக்கு மேலே ஒரு ஷாமியானா. தெருவே கூடி நின்றது. ஆரோக்கியம் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். “கறி தனிங்க, சைவம் தனிங்க, கரண்டி கூடத் தனிங்க” என்றான். ஸ்டெல்லா புதுச் சேலையில் இருந்தாள். அவளை நான் சேலையில் பார்த்ததே அன்றைக்குத்தான்.

நடராஜண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். “நெம்ப சந்தோசம் ஆரோக்கியம். ஆனா பாருங்க, வயிறு…”

ஷூ காலால் அவர் பாதத்தை மிதித்தேன். நேரம் கடந்துவிட்டது. ‘வயிறு’ என்ற வார்த்தை காற்றில் போய்விட்டது.

ஸ்டெல்லாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. “போச்சாதுங்கண்ணா, பரவாயில்ல. தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போங்க” என்றாள். குனிந்து, வரிசையின் கடைசி இலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நடராஜண்ணன் மேல், பாயசத்தின் மேல், என் வயிற்றின் மேல். நாங்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வயிறு நெம்பியிருந்தது. ஆனால் அந்த இடத்தில், அந்தத் தெருவுக்கு முன்னால், அந்த நிஜத்தை யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

“ஸ்டெல்லா, எலைய அங்கயே வையி” என்று கத்தினேன். போய் அந்தக் கடைசி இலையின் முன்னால் உட்கார்ந்தேன். “ஆரோக்கியம், கறி எங்க? என்ன வேடிக்க பாத்துட்டிருக்கற?”

நடராஜண்ணன் என்னைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். மனுஷன் மந்தம்தான், கல்நெஞ்சம் இல்லை. வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். கோஷ்டி முழுவதும் உட்கார்ந்தது.

சுடிதார் நாடாவைத் தளர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு. மிளகும் தேங்காயும் வறுத்தரைத்த மணம். அட சாமி, பசியோடு வந்திருந்தால் சட்டியையே நக்கியிருப்பேன். இத்தனை நல்ல சாப்பாட்டை மூச்சுப் பிடித்துக்கொண்டு தின்பது என்பது பெரிய அநியாயம். ஒவ்வொரு வாய்க்கும் சந்தகை ஒரு பக்கம் நகர்ந்து இடம் விட்டது. நடராஜண்ணன் நெற்றியில் வேர்வை ஓடியது. யாரும் இலையைக் கையால் மூடவில்லை.

ஸ்டெல்லா வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். “மூணு தோட்டத்துல புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க ஸ்டெல்லா, அதான்” என்றேன்.

“சரிங்கக்கா” என்றாள். நம்பவில்லை. நான் மிரட்டி எல்லோரையும் உட்கார வைத்தேன் என்றுதான் நினைத்தாள். அது எனக்குக் குழம்பின் காரத்தைவிட எரிந்தது.

கை கழுவினோம். பிளாட்பாரத்தில் போய் விழுந்தோம். முதலில் சொன்ன காட்சி அதுதான்.

டிவிஎஸ்ஸில் வந்த கேரியர்

எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியாது. பாதையில் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. நடராஜண்ணன் படுத்தபடியே விசில் ஊதினார். “பாதையில வண்டி ஆகாதுங்க!”

பழனிச்சாமியண்ணன். ஹேண்டில்பாரில் பெரிய டிபன் கேரியர் தொங்கியது.

“ஏனுங்க, பாயசம் மிஞ்சிருச்சுங்க. நடக்கறவங்களுக்கு வழியில பசிக்குமேன்னு கொண்டாந்தேன்” என்றவர், எங்களைப் பார்த்து அரண்டுபோனார். “என்னாச்சுங்க இவங்களுக்கு?”

 பாயசம் என்ற சொல்லைக் கேட்டதும் வரிசையின் கோடியில் ஒருவர் எழுந்து வேலியோரம் ஓடினார்.

ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள். “உங்க தோட்டத்துலயும் சாப்புட்டாங்களாங்க?”

“பின்ன! அரிசிம்பருப்பு எத்தன கரண்டிங்கறே! அதுக்கு முன்ன அங்க சந்தகையாமா, அதுக்கப்புறம் ஒப்புட்டாமா. நான் விட்டுருவனா?” என்று பெருமையாக அடுக்கினார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் படுத்தபடி அவளைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிச் சிரிப்பு இல்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். “லூசுங்களா நீங்கெல்லாம்? அத்தனையும் தின்னுபோட்டு இதையும் தின்னீங்களா? பிரஷர் என்னாகறது?” என்று வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.  எனக்கும் அழுகை வந்துவிட்டது. வயிறு அழுத்தியதால் சரியாக அழக்கூட முடியவில்லை.

“சரசு” என்றார் நடராஜண்ணன், வானத்தைப் பார்த்தபடி. “இதுக்கு மேல ஒரு அடி வெக்க முடியாது. மொத நாள் ராத்தங்கல் இங்கதான். சம்பந்திக்கு நான் சொல்லிக்கறேன்.”

தெரு கை தட்டியது. அந்தச் சந்தடியில் ஆரோக்கியம் ஒரு காரியம் செய்தான். புதுசாக ஒரு இலையை எடுத்து, தண்ணீர் தெளித்து, மேஜையில் போட்டான். “உக்காருங்கண்ணா. ஒரு வாய் சாப்புட்டுப் போங்க” என்றான் பழனிச்சாமியண்ணனிடம்.

கைதட்டல் நின்றுவிட்டது.

பழனிச்சாமியண்ணன் அதே சிரிப்போடுதான் நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. வாய் பழகியதைச் சொன்னது. “அதுக்கென்ன கண்ணு, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம். வயிறு நெம்பியிருக்குது. இப்பத்தான் ஊட்டுல உண்டுபோட்டு…”

ஸ்டெல்லா என் நாடியை இன்னும் விடவில்லை. அவள் விரல் இறுகியது.

“அண்ணா” என்றேன், படுத்தபடியே. “எங்க வயிறும் நெம்பித்தான் இருந்துச்சுங்க. நீங்கதான் நெரப்புனீங்க. எங்களப் பாருங்க. உக்காருங்க.”

அவர் பார்த்தார். வரிசையாகக் கிடந்த எங்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். கேரியரைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். பெஞ்சில் உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

ஆரோக்கியம் சாதம் போட்டான். ஸ்டெல்லா எழுந்து போய்க் குழம்பு ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். தெரு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“சவரிமுத்து பொண்ணுதான நீ?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு வாய் வைத்தார். அப்புறம் இன்னொன்று. ஸ்டெல்லா கரண்டியோடு பக்கத்தில் நின்றாள். “போதுங்களா?”

நான் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். இலைக்கு மேலே கை வரவில்லை.

“கோழி இன்னும் ரெண்டு துண்டு போடு கண்ணு” என்றார்.